கேஸ் என்று சொல்வதற்கு முன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களோடு பேசச் சொல்லி அழைத்தபோதே ஒன்றைச் சொல்லிவிட்டேன். ஊசி போடுவதைப் பற்றியோ மருந்தின் அளவைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் இப்போதுதான் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் மறக்கத் தொடங்கியிருக்கிறேன். எனக்குப் பேச இருப்பது ஒரு சொல்லைப் பற்றி. இன்று காலை உங்கள் வார்டைச் சுற்றி வந்த கொஞ்ச நேரத்தில் அதை ஏழெட்டு வாய்களில் கேட்டேன். "புது கேஸ் ஒண்ணு வந்திருக்கு." "ஜன்னல் ஓர கேஸுக்கு சலைன் மாத்தியாச்சா?" "அந்த டெலிவரி கேஸ் என்னாச்சு?"

கேஸ். ஆங்கிலத்திலேயே அது ஊர் சுற்றும் சொல்தான். என் மகள் பள்ளியில் படிக்கும்போது அகராதியில் எடுத்துக் காட்டினாள். பெட்டி, உறை, நிலைமை, வழக்கு, நோயாளி என்று நீண்டுகொண்டே போனது. நம் ஊருக்கு வந்த பிறகு அது இன்னும் கிளை விட்டுவிட்டது. துணி அடுக்கினால் சூட்கேஸ். கலர் பாட்டில்களை மரப்பெட்டியோடு இறக்கினால் ஒரு கேஸ். கோர்ட்டுக்குப் போனால் கேஸ், போலீஸ் எழுதினால் கேஸ். தெருவில் ஒருத்தன் கொஞ்சம் ஏறுமாறாக நடந்தால் "அவன் ஒரு மாதிரி கேஸ்." அடுப்பில் எரியும் கேஸ் வேறு சொல் என்றாலும் நம் எழுத்தில் அதுவும் இதே முகத்தோடு வந்து நிற்கிறது.

நமக்குக் கேஸ் என்றால் படுக்கையில் இருப்பவர். அது நமக்கு மட்டும்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நான் சேர்ந்த புதிதில், "டெலிவரி கேஸோட வந்தவங்க யாரு?" என்று எங்கள் ஆயா சத்தமாகக் கேட்க, ஒரு கணவர் எழுந்து, "கேஸு யாரு குடுத்தாங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். சிரிக்க முடியாத ஒரு நாள் பிறகு வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். 

தொண்ணூறுகளின் பின்பாதி. என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. நாங்கள் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு சின்ன மருத்துவமனை இருந்தது. யாரோ புண்ணியவான்கள் சேர்ந்து நடத்தியது. நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். முதல் ஆறு மாதம் எனக்கு நோயைவிட மொழிதான் கஷ்டம். "வலி இருக்கா?" என்றால் விழிப்பார்கள். "வலி கீதா?" என்று கேட்டால்தான் அங்கே பதில் வரும். பிறகு அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வளைக்காமல் பேசுவார்கள்.

ஒரு மதிய நேரம். வெளிநோயாளிகள் எல்லாம் போய்விட்டார்கள். கலர் பாட்டில் கேஸ்கள் அடுக்கிய ஒரு வேன் வாசல்வரை ஏறிவந்து நின்றது. மாமல்லபுரத்து ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் கூல்ட்ரிங்ஸ் போடுகிற வண்டி. ஓட்டிவந்தவன் குதித்து இறங்கி, பின்பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவன் பெயர் ஏழுமலை. அந்தப் பெண் அவன் மனைவி தேவகி. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பின்னாலேயே தோளில் துண்டோடு ஓடிவந்தவர் ஏழுமலையின் அப்பா, கன்னியப்பன்.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"வாந்தி பேதி சிஸ்டர். பழைய கொழம்பு சாப்ட்டாளாம்" என்றான் ஏழுமலை. சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தான். "ஆமாம்மா, கொழம்புதான், கொழம்புதான்" என்றார் பெரியவர், நான் கேட்காமலேயே இரண்டாவது முறையும்.

குழம்பு அப்படிச் செய்யாது. அந்தப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் குளித்ததுபோல் வேர்வை. வாயோரம் எச்சில் ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சில் களகளவென்று சத்தம். குனிந்து துடைத்தபோது மூக்கில் ஏறிய வாடையை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் சொல்ல முடியும். கை நரம்பில் ஊசி வழி போட்டு சலைனை இணைத்தேன். டியூட்டி டாக்டர் இளைஞர், நல்லவர், கைராசிக்காரர் என்று ஊரில் பெயர். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நிமிர்ந்து கட்டிலுக்கு மேலாக என்னிடம் சொன்னார்:

"சிஸ்டர், பாய்சன் கேஸ். அட்ரோபின் உடனே ஏத்துங்க, நிறுத்தாதீங்க. போலீஸுக்கும் சொல்லிடச் சொல்லுங்க." சொல்லிக்கொண்டே ஆக்சிஜனுக்கு ஏற்பாடு செய்ய உள்ளே ஓடினார்.

அதில் தப்பான வார்த்தை ஒன்றும் இல்லை. நீங்களும் நானும் அப்படித்தான் சொல்லியிருப்போம். நான் அலமாரிக்குப் போய் அந்த விஷமுறிவு மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். கட்டில் காலி. சலைன் பாட்டில் தரையில் உருண்டுகிடந்தது. வெளியே வேன் உறுமும் சத்தம்.

ஓடினேன். தேவகியைப் பின்பக்கம் கேஸ்களுக்கு நடுவே கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். எங்கள் வாட்ச்மேன் விவரம் புரியாமல் கேட்டைச் சாத்திவிட்டு, "பில்லு கட்டாம ஓடறியா?" என்று கம்பைத் தட்டினார். ஏழுமலை ஹாரனை அழுத்திப் பிடித்தான். இறங்கி அடித்துவிடுவான் என்று தெரிந்தது.

அந்த இடத்தில் எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. கேட்டை மூடியே வைத்து, ஆள் கூப்பிட்டு, பிடுங்கி உள்ளே கொண்டுபோகலாம். அது சண்டையில் முடியும். சண்டை முடிவதற்குள் அவள் முடிந்துவிடுவாள். இன்னொரு வழியை நான் யோசித்துத் தேர்ந்தேன் என்று பெருமை பேச மாட்டேன். கால் முதலில் போனது. வேனின் பின்பக்கம் ஏறி, ஒரு கேஸின் மேல் உட்கார்ந்து, தேவகியின் கையைப் பிடித்தேன். நான் போட்ட ஊசி வழி இன்னும் பிளாஸ்திரிக்குக் கீழே இருந்தது. டாக்டர் சொன்ன மருந்தை அங்கேயே ஏற்றினேன்.

"கேட்டைத் திறந்துடுங்க" என்று வாட்ச்மேனிடம் சொன்னேன்.

ஏழுமலை திரும்பிப் பார்த்தான். "எறங்கு சிஸ்டர்."

"நான் இறங்கலை. வண்டி எங்க போனாலும் இவங்க கூட வரேன். எங்க போறீங்க, சொல்லுங்க."

"எங்கனா."

"எங்கனான்னா எங்க?"

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்து நடுங்கின. பெரியவர்தான் பேசினார். "கேஸுன்னு சொல்லிட்டாரே டாக்டரு. ஏற்கனவே ஒரு கேஸு ஓடிகினு கீதும்மா எங்களுக்கு. பங்காளி வரப்பத் தள்ளிட்டான்னு நாங்க போட்டது. செங்கல்பட்டு கோர்ட்டுக்கு நடந்து நடந்து என் கால் தேஞ்சிபோச்சி. பாதி கழனி அதுலயே பூட்சி. இன்னொரு கேஸு தாங்காதும்மா. கட்டினு வந்த பொண்ணு இப்பிடி ஆச்சின்னா எவன் நம்புவான்? எம் புள்ளய உள்ள தூக்கி வெச்சிடுவானுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டர் சொன்னது ஒன்று. அவர்கள் காதில் விழுந்தது வேறொன்று. அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பல வருஷத்து வயது இருந்தது. வக்கீல் வீட்டு வாசலும், வாய்தாவும், விற்றுப்போன நிலமும் அதற்குள் இருந்தன.

"ஐயா, டாக்டர் சொன்ன கேஸ் வேற. நாங்க படுத்திருக்கிறவங்களையே கேஸ்னுதான் சொல்வோம். காய்ச்சல்னா காய்ச்சல் கேஸ், பிரசவம்னா பிரசவ கேஸ்."

"போலீஸுன்னும் சொன்னாரே" என்றான் ஏழுமலை, முன்சீட்டிலிருந்து.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொய் என் நாக்கு நுனியில் இருந்தது. 'போலீஸுக்கெல்லாம் சொல்ல மாட்டோம், உள்ளே வாங்க' என்று சொன்னால் போதும், வண்டி அணைந்துவிடும். நல்லதற்குத்தானே என்றும் தோன்றியது. ஆனால் மாலையில் காக்கிச்சட்டை வந்து நிற்கும். அப்போது மறுபடி தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த முறை என்னை நம்ப மாட்டார்கள்.

"ஆமா, சொல்லணும். அது சட்டம். அவங்க வருவாங்க, கேப்பாங்க" என்றேன். "ஆனா நடந்தது என்னன்னு சொல்லக்கூடிய ஆள் உங்க ரெண்டு பேர்ல யாரும் இல்லை. நீங்க சொன்னா நம்புவாங்களோ மாட்டாங்களோ. இவங்க சொன்னா நம்புவாங்க. இவங்க சொல்லணும்னா இவங்க இருக்கணும். அதுக்கு இப்ப உள்ள போகணும்."

பெரியவர் தேவகியின் நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"கொழம்பு இல்லம்மா. நெல்லுக்கு அடிக்கிற மருந்து. டின்னு ஒழுகிச்சி. காலி கலர் பாட்டில் ஒண்ணு கெடந்துது, அதுல ஊத்தி அலமாரில வெச்சேன். நான்தான் வெச்சேன்."

ஏழுமலை திரும்பினான். அவனுக்கே அது அப்போதுதான் தெரிகிறது என்று அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்பா சொன்ன குழம்பை அவனும் நம்பித்தான் வண்டி ஓட்டிவந்திருக்கிறான்.

"கலர் பாட்டில்லயா?" என்றான். "நைனா... நான் லோடுல மிஞ்சினத அவளுக்குன்னு அங்கதான வெப்பேன். நான் வெச்சதுன்னுதான குடிச்சிருப்பா."

வெயிலில் கழனியிலிருந்து வந்தவள், புருஷன் தனக்காக வைத்துவிட்டுப் போனது என்று நினைத்து எடுத்து வாயில் ஊற்றியிருக்கிறாள். ஒரு மடக்கிலேயே தெரிந்து துப்பியிருக்கிறாள். அந்த ஒரு மடக்கு போதுமானதாக இருந்தது.

ஏழுமலை சாவியைத் திருப்பினான். இன்ஜின் அடங்கியது. அவன் இறங்கிவந்து, அப்பாவின் மடியிலிருந்து மனைவியை வாங்கிக்கொண்டான். வாங்கும்போது அப்பாவின் கை படாமல் வாங்கியதை நான் பார்த்தேன்.

உள்ளே என்ன செய்தோம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு நாள் யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. அட்ரோபின் ஏறும்போது ஆள் பிதற்றுவார்கள், காற்றைப் பிடித்து இழுப்பார்கள். தேவகியும் அப்படித்தான் செய்தாள். அதைப் பார்க்கிற உறவினர்களுக்கு உயிர் போகிறதா புத்தி போகிறதா என்று தெரியாது. ஏழுமலையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்: "இது மருந்தோட வேலை. கண்டபடி பேசுவாங்க. பயப்படாதீங்க." அவள் கத்தியபோதெல்லாம் அவன், "மருந்து வேல செய்யுது, மருந்து வேல செய்யுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாம் சொல்லும் ஒரு வாக்கியத்தை மனிதர்கள் எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

கன்னியப்பன் வார்டுக்குள் வரவே இல்லை. வெளித் தாழ்வாரத்தில் தூணோரம் உட்கார்ந்துவிட்டார். மகன் அவரைத் தாண்டித்தான் குழாயடிக்கும் டீக்கடைக்கும் போவான், வருவான். ஒரு வார்த்தை பேச மாட்டான். நான் கடந்துபோகும்போதெல்லாம் பெரியவர் எழுந்து நிற்பார். "எப்பிடி கீறா?" என்பார். "பரவாயில்லை ஐயா, சாப்பிட்டீங்களா?" என்பேன். "ஆச்சும்மா" என்பார். ஆகவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த வாரம் மூலைப் படுக்கையில் நெஞ்சடைப்போடு வந்த ஒரு வயதானவர் இறந்துபோனார். ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவரிடம் வாட்ச்மேன், "மூல பெட்டு கேஸ் முடிஞ்சிடுச்சி, வா" என்று சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் அந்த உடல் வெளியே போயிருக்கிறது. பின்னாலேயே அழுதுகொண்டு சொந்தக்காரர்கள். இதையெல்லாம் தூணோரம் இருந்த பெரியவர் பார்த்திருக்கிறார். எங்கள் ஊழியர் யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. அவராகவே எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர் முதல் நாளே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். தேவகி அப்போது பேசும் நிலையில் இல்லை. கண் தெளிந்து, கஞ்சி குடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்த அன்று காலையில் மறுபடி வந்தார். கனத்த உடம்பு, மெதுவான குரல். ஏழுமலையை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"யாருனா எதுனா சொன்னாங்களாம்மா? சண்ட கிண்ட?"

"இல்ல சார். கலருன்னு நெனச்சி குடிச்சிட்டேன்." குரல் கம்மியிருந்தது. "யாரு மேலயும் தப்பு இல்ல. மாமா வெச்சாரு, பூச்சி மருந்துன்னு எங்கிட்ட சொல்ல மறந்துட்டாரு. அவ்ளோதான். அவரு வயசுல நெனப்பு நிக்குமா?"

அவர் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது என்னிடம், "நல்ல பொண்ணு" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. நல்ல செய்தியைச் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்றுதான் தாழ்வாரத்தில் நின்றிருக்கிறார். கைகட்டி எழுந்து நின்ற பெரியவரின் தோளைத் தட்டி, "பெரியவரே, கேஸு முடிஞ்சிடுச்சி. வூட்டுக்குப் போ" என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த நிமிடம் அதே ஆள், அந்தக் கனத்த உடம்போடு வார்டுக்குள் ஓடிவந்தார். "சிஸ்டர், பெரியவரு சாஞ்சிட்டாரு!"

நான் போய்ப் பார்த்தபோது கன்னியப்பன் தூணைப் பிடித்தபடி தரையில் சரிந்திருந்தார். மயக்கம் இல்லை. கண் திறந்திருந்தது. நாடி ஓடியது. என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முடிஞ்சிட்டாளா?" என்றார். "யம்மா, எம் பொண்ணு முடிஞ்சிட்டாளா?"

கான்ஸ்டபிளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் நல்லதத்தான சொன்னேன்? கேஸ் இல்லன்னுதான சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பல வருஷமாக எந்தச் சொல்லைக் கேட்டால் செங்கல்பட்டு கோர்ட் மட்டும் அவருக்கு ஞாபகம் வந்ததோ, அந்தச் சொல்லுக்கு எங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த சில நாட்களில் அவர் வேறு அர்த்தம் படித்துவிட்டார். போலீஸ்காரர் தன் அர்த்தத்தில் சொன்னார். பெரியவர் எங்கள் அர்த்தத்தில் கேட்டார்.

அதற்குப் பிறகு என் வார்டில் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். உறவினர் காதுபட யாரையும் கேஸ் என்று சொல்வதில்லை. தேவகிக்கு சலைன், முருகேசனுக்கு மாத்திரை. பெயர் தெரியாவிட்டால், 'அந்த அம்மா', 'அந்தத் தம்பி'. வேலை ஒன்றும் கூடிவிடவில்லை. சிலர் கேலி செய்தார்கள், பிறகு அவர்களுக்கும் வாயில் அப்படியே வந்துவிட்டது. நீங்களும் செய்யுங்கள் என்று கட்டளையிட நான் யார்? டாக்டரோடு பேசும்போது அந்தச் சொல் தேவைப்படும், பேசுங்கள். ஆனால் தாழ்வாரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அன்றைக்குப் பெரியவரிடம் நான் எந்த அர்த்தத்தையும் விளக்கவில்லை. விளக்கி அவர் தலையில் ஏறுகிற நேரம் அது இல்லை. "எழுந்திருங்க" என்று சொல்லி, கான்ஸ்டபிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து நிறுத்தினோம். வார்டு வாசலில் அவர் கால் நின்றுவிட்டது. அத்தனை நாளும் தாண்டாத வாசல். நான் கையை விடாமல் இழுத்துக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினேன்.

தேவகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்கு ரஸ்க்கை டீயில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் அவன் கை நின்றது. 

தேவகி மாமனாரை மேலும் கீழும் பார்த்தாள். பல நாள் மழிக்காத முகம், அழுக்கேறிய துண்டு.

"மாமா, மாட்டுக்கு யாரு தண்ணி காட்றது?" என்றாள்.

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. 

"அழுதுகினு கீறத பாரு" என்றாள் அவள், அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "எனுக்கு ஒண்ணும் இல்ல மாமா. வூட்டுக்குப் போ. சினை மாடு வேற."

ஏழுமலை டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெஞ்சில் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டான். அப்பாவைப் பார்க்காமல், மனைவியிடம் சொன்னான்:

"உக்காரச் சொல்லு. மொதல்ல சாப்ட்டு போவட்டும்."